எந்தப் புட்டியில் மாவு?

"ஏனுங்க டாக்டர், எந்தப் புட்டியில மாவுன்னு உங்களுக்கே தெரியாதுங்களா?" என்று மாதம்மாள் கேட்டபோது, சேலத்து டாக்டர் சங்கடமாகத் தலையசைத்தார்.

பக்கவாதம் வந்தவர்களின் மூளை மேலும் கெடாமல் காக்குமா என்று சோதிக்கிற புது மாத்திரை அது. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று சோதனை முடியும்வரை டாக்டருக்கும் தெரியக் கூடாதாம். மலையூரான வாழவந்தியிலிருந்து இரண்டு பேர் சம்மதித்தார்கள்: மாதம்மாளின் புருஷன் அங்கப்பன், பக்கத்து வீட்டு வெள்ளையன். வாலிப வயசில் ஒன்றாக வேட்டைக்குப் போனவர்கள். பன்றி யார் ஈட்டியில் விழுந்தாலும் கறி ஆளுக்குச் சரிபாதி. வாதமும் ஒரே வாரத்தில் வந்தது. அங்கப்பனுக்கு வலது கையும் பேச்சும் போயின. வெள்ளையனுக்கு இடது பக்கம்.

தினமும் பலாமரத்தடியில் இருவரையும் உட்காரவைத்து, உள்ளங்கையில் மாத்திரையை வைத்துவிட்டுப் பெண்கள் வேலைக்குப் போவார்கள்.

வெள்ளையன் கோலூன்றி நடக்க ஆரம்பித்தார். அங்கப்பன் வாய் திறக்கவில்லை. "ஏ புள்ள" என்று ஒருதடவை அதட்டினால் போதும் மாதம்மாளுக்கு. அந்த அதட்டல் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது.

மாவு தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். வெள்ளையனின் பெண்சாதி காளியாயி தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, தன் புட்டியோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். புட்டிகளில் நம்பர் ஒட்டியிருந்தது. அதனால் மாத்திரைகளை மட்டும் மாற்ற நினைத்து, முறத்தில் இரண்டு குவியலாகக் கொட்டினாள். கோழி ஒன்று பாய்ந்தது. விரட்டப் போய் முறம் கவிழ்ந்தது.

எல்லாம் ஒரே வெள்ளை. கைக்கு வந்ததை இரண்டிலும் நிரப்பிவிட்டு ஓடி வந்தாள்.

அன்றிலிருந்து அவள் கண் வெள்ளையன் மேலேயே இருந்தது. அவர் கொஞ்சம் தடுமாறினாலும் ஓடிப்போய்த் தாங்கினாள். அடுத்தமுறை நால்வரும் பஸ் ஏறிச் சேலம் போனபோது, டாக்டர் முன்னால் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"நொம்பப் பெரிய பாவம் பண்ணிட்டேன், காளியாயி!"

காளியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் தலையில் கை வைத்தார்.

"யார் எதைச் சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானேம்மா சோதனை? சரி, நீங்க கலக்குறதுக்கு முன்னாடி வரைக்குமாவது கணக்கு சுத்தமா இருக்கும்."

வெள்ளையன் கோணிய வாயோடு சிரித்தார்.

"அதுவும் இருக்காதுங்க. மாவு யாருக்கு வந்தாலும் சரிபாதின்னு, மொத நாள்ல இருந்தே ஒவ்வொரு மாத்திரையும் ரெண்டா ஒடைச்சுத்தான் முழுங்குறோம். அவன் இடது கையும் என் வலது கையும் சேந்து புடிச்சாத்தானுங்க ஒடையுது."