பிக்கப் புனருத்தாரணம்

ஒரு தேசம் நாகரிகத்தின் சிகரத்தை எட்டிவிட்டதா என்று அறிய அதன் நூலகங்களைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக் கராஜ்களைத் திறந்து பார்த்தால் போதும். உள்ளே ஓடுகிற கார் நின்றால் அந்த மக்கள் இன்னும் பின்தங்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஓடுகிற கார் வெளியே பனியில் கிடக்க, ஓடாத வண்டி உள்ளே ஹீட்டரின் கதகதப்பில் நின்றால், அங்கே மனிதகுலம் உச்சத்தைத் தொட்டுவிட்டது. அந்த வகையில், அயோவா மாநிலத்தின் ஹாரோவில் என்கிற எங்கள் சிற்றூரும், குறிப்பாக அங்குள்ள ஆர்லின் டெகிராஃபின் கராஜும் உலகத்துக்கே வழிகாட்டி என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

என் பெயர் கர்ட் வாண்டர்லான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வாரத்துக்கு ஒரு கூட்டமாவது நடத்தாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. ஆர்லின், சோளக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். வெண்டெல், ஊர் முழுக்கத் தபால் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மூவருக்கும் இருந்த ஒரே வியாதி, வீட்டில் இருப்பது. அதற்கு மருந்தாகத்தான் கடவுள் ஒரு பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் அந்தப் பிக்கப்பை வைத்திருந்தார். ஐம்பதுகளில் செய்த, பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி. தரை ஓட்டை வழியாக ஒரு செடி புகுந்து ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. இருக்கையில் கோழிகள் குடியிருந்தன.

ஆர்லின் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"இது வண்டி இல்லப்பா, வரலாறு."

"வரலாறு முட்டை போட்டிருக்கு பாரு," என்றான் வெண்டெல்.

வரலாறு கராஜுக்குள் இழுத்து வரப்பட்ட அன்று, அதுவரை அங்கே நின்றிருந்த காரின் உரிமையாளர் வாசலில் வந்து நின்றாள். ஜோலீன். ஆர்லினின் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பியானோ வாசிப்பவள்.

"என் கார் எங்க நிக்கும்?"

"வெளியதான். காத்தோட்டமா இருக்கும்," என்றான் ஆர்லின்.

இவ்வாறு ஜோலீனுக்குக் காலைதோறும் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் இலவச உடற்பயிற்சி வாய்த்தது. அவள் எங்களுக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை.

'ஹாரோவில் பிக்கப் புனருத்தாரணக் குழு' சனிக்கிழமைதோறும் கூடியது. வேலை செய்வது ஆர்லின். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்வது நானும் வெண்டெலும். பீரை 'குளிரூட்டும் திரவம்' என்று பதிவு செய்தோம். குழுவில் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. துருவைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிப்பதா, அல்லது துருவை அப்படியே விட்டு மேலே பளபளவென்று வார்னிஷ் பூசுவதா என்ற கேள்வியில் நாங்கள் இரு துருவங்களானோம்.

"இப்பல்லாம் துருதான்யா ஃபேஷன். துருவை எடுத்தா ஆத்மாவையே எடுத்த மாதிரி," என்றான் வெண்டெல்.

"அப்ப உன் வீட்டுத் தண்ணிக் குழாய்க்கு ஆத்மா ஜாஸ்தி," என்றான் ஆர்லின்.

நான் சமரசம் செய்து வைத்தேன். இடது பக்கம் துரு; வலது பக்கம் பச்சைப் பெயிண்ட். இடப்புறமிருந்து பார்ப்பவர்க்கு வண்டி 'பாரம்பரியம்', வலப்புறமிருந்து பார்ப்பவர்க்கு 'சாதனை'. நேர் எதிரே நின்று பார்ப்பவர்களைப் பற்றிக் குழு எந்த முடிவும் எடுக்கவில்லை.

கராஜ் போதாமல் வரலாறு வீட்டுக்குள்ளும் பரவியது. பின்பக்கக் கண்ணாடி உடைந்துவிடக் கூடாதென்று விருந்தினர் அறைக் கட்டிலில் போர்வை போர்த்திப் படுக்க வைக்கப்பட்டது. ஒமாஹாவிலிருந்து வந்த ஜோலீனின் அக்கா சோபாவில் படுத்தாள். எஞ்சின் மேல்மூடிக்கு அடித்த பெயிண்ட் சூட்டில்தான் இறுகும் என்பதால் அதைச் சமையலறை ஓவனில் வைத்து எடுத்தோம். அந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வெந்த வான்கோழியில் லேசாகப் பெயிண்ட் வாசனை அடித்தது.

"இதைத் தின்னா செத்துருவோமா?" என்று கேட்டாள் ஜோலீன்.

"துருப்பிடிக்க மாட்டோம்," என்றான் ஆர்லின்.

ஆறு வருடங்களில் பணி முடிந்தது. எஞ்சின் மிசௌரியிலிருந்து, கதவுகள் கான்சஸிலிருந்து, இருக்கையும் சக்கரங்களும் புத்தம்புதியவை. பின்பக்கத் தொட்டிக்கு ஓக் பலகை பதித்து, முகம் தெரியும் அளவுக்கு வார்னிஷ் ஏற்றினோம். இடது பக்கத் துருவைத் தவிர, பழைய வண்டியிலிருந்து எஞ்சியது சிகரெட் சாம்பல் தட்டு ஒன்றுதான். ஆகவே வண்டி முழுக்க முழுக்க 'ஒரிஜினல்' என்று குழு சான்றளித்தது.

ஓட்டினால் தேயும் என்பதால் அதை ஓட்டுவதில்லை. சனிக்கிழமை ஒருமுறை எஞ்சினைக் கிளப்புவோம், மூவரும் தலைகுனிந்து கேட்போம், அணைப்போம். சர்ச்சில்கூட எங்களுக்கு அவ்வளவு பக்தி வந்ததில்லை.

இந்த நிலையில்தான் ஜோலீன் தன் கோரிக்கையோடு வந்தாள். சர்ச்சுக்கு எலக்ட்ரானிக் கீபோர்டு வாங்கிவிட்டார்கள். அவள் இத்தனை காலம் வாசித்த பழைய மரப் பியானோவைச் சனிக்கிழமைக்குள் யாரும் எடுத்துப் போகாவிட்டால் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"நான் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். நம்மகிட்டதான் பிக்கப் இருக்கே."

வெண்டெல் பீர் கேனைக் கீழே வைத்தான்.

"இருக்கு," என்றான் ஆர்லின் மெதுவாக. "அதுக்கு?"

"அதுல ஏத்திக் கொண்டுவரலாம்."

"எதுல?"

"பிக்கப்ல, ஆர்லின். சாமான் ஏத்துற வண்டிக்கு அதுதான் பேரு."

வெண்டெல் எழுந்து போய் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டான், அதன் காதில் விழாமல் இருக்க. நான் பொறுமையாக விளக்கினேன்: "ஜோலீன், பாரம் ஏத்துறது இதோட பாரம்பரியத்துக்கே விரோதம். தவிர, சனிக்கிழமை மாவட்டக் கண்காட்சி. வண்டி அங்க போகுது."

"ஓட்டிக்கிட்டா?"

"சேச்சே. டிரெய்லர்ல ஏத்தி. அதை இழுக்கறதுக்கு வாடகைக்கு ஒரு பிக்கப் எடுத்திருக்கோம்."

ஜோலீன் எங்கள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தாள். "பிக்கப்பைத் தூக்கிட்டுப் போக ஒரு பிக்கப். சரி. அந்தப் பிக்கப்போட தொட்டி சும்மாதான இருக்கும்?"

"எங்க சும்மா இருக்கு? எங்க நாற்காலிங்க வருது," என்றான் வெண்டெல்.

கோரிக்கை ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அதைச் சம்மதம் என்று பதிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை டிரெய்லரோடு நாங்கள் திரும்பி வந்தபோது கராஜ் காலி. ஆர்லின் நடுவில் நின்று, வண்டி ஏதாவது மூலையில் இருக்குமோ என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"திருட்டு! போலீஸைக் கூப்பிடு!"

"இருய்யா," என்றான் வெண்டெல். "ஏதோ பாட்டு கேக்குது."

தெரு முனையில் எங்கள் பிக்கப் திரும்பியது. ஓட்டி வந்தவள் ஜோலீன். தொட்டியில் துணி காயவைக்கும் கயிற்றால் கட்டப்பட்ட பியானோ. அதைச் சுற்றி, சர்ச் விருந்துகளுக்குச் சமைக்கும் பெண்கள். அவர்களில் பருமனான டோரீன் ஒற்றை விரலால் ஒரு கீர்த்தனையைத் தட்டிக்கொண்டு வந்தாள். மண்சாலை வழியாக வந்திருக்க வேண்டும். 'பாரம்பரியம்', 'சாதனை' இரண்டின் மேலும் ஒரே அளவு சேறு. தெருவில் ஜனங்கள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். விவரம் தெரியாத ஜனங்கள்.

ஆர்லின் ஓடினான். "பலகை! பலகைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பியானோ நல்லா இருக்கு, ஆர்லின். கேட்டதுக்கு ரொம்ப நன்றி," என்றாள் ஜோலீன்.

பெண்கள் பியானோவை இறக்கினார்கள். நாங்கள் மூவரும் பெயிண்டில் இடிக்காமல் காவல் காத்தோம். ஓக் பலகையில் நீளமாக ஒரு கீறல். எழுபது வருடத் துரு வரலாறு என்றால் அன்று காலை விழுந்த கீறல் என்ன என்று வெண்டெல் கேட்டான். மனைவி போட்ட கீறலுக்கு வரலாற்று மதிப்பு கிடையாது என்று குழு தீர்மானித்தது. கண்காட்சி கைவிடப்பட்டது.

கூடத்தில் உதிரி பாகங்கள் இருந்தபடியால் பியானோவும் கராஜிலேயே தங்கியது. வேலை முடிந்து வந்ததும் ஜோலீன் வாசிக்க உட்கார்ந்துவிடுவாள். இதன் விளைவுகள் கவலைக்கிடமானவை. ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது ஆர்லின் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"என்னப்பா ஆச்சு உனக்கு?"

"நல்லா இருக்குல்ல?" என்றான்.

"எது?"

"ஜோ வாசிக்கிறது. இத்தனை வருஷமா சர்ச்ல பின்வரிசையில தூங்கியே கழிச்சிருக்கேன், கர்ட். தெரியாமப் போச்சு."

அடுத்த வாரம் எஞ்சினுக்கு மேலே தொங்கிய விளக்கைக் கழற்றிப் பியானோவுக்கு மேலே மாட்டியிருந்தான். அவன் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்த, ஜோலீன் வாய்விட்டுச் சிரித்தாள். நாங்கள் நாற்காலியை விரிக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். குழு கலைந்துவிடும் அபாயத்தை நான் உணர்ந்தேன்.

காப்பாற்றியவன் வெண்டெல். நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் கீழேயே நின்றுவிடுவதை அவன் கவனித்துவிட்டான். ஜோலீன் வாசிக்கும்போதே சுண்டுவிரலால் அதை நெம்பிவிட்டுக்கொள்வாள்.

"அது எப்பவும் அப்படித்தான். நான் சமாளிச்சுக்குவேன்," என்றாள்.

சமாளிப்பது என்ற சொல்லை எங்களால் பொறுக்க முடியவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன் என்று அவள் ஒமாஹாவுக்குப் போனாள். அன்றே அவசரக் கூட்டம்.

"அவ ஒண்ணும் கேக்கலியே?" என்று ஆர்லின் இழுத்தான்.

"கேட்டுச் செய்யறது வேலை. கேக்காமச் செய்யறதுதான் அன்பு," என்றேன். அவன் கண் விரிந்தது. ஸ்பேனரை எடுத்தான்.

அந்தப் பழைய சுறுசுறுப்பு திரும்பி வந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றி ஆணியில் மாட்டினோம். கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளித் தலைகளில் அழுக்கு இருந்தது; ஒரு வாளி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். கட்டைகளைப் பிடுங்கி அட்டைப்பெட்டியில் கொட்டினோம்.

"நம்பர் போட்டியா?" என்று வெண்டெலைக் கேட்டேன்.

"எதுக்கு? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு."

ஜோலீனை அக்கா மகன் கொண்டுவந்து விட்டுப் போனான். வெளியே நல்ல பனி. அவளுடைய கார் பனி மூடி மேடாகக் கிடந்தது. கையில் பையோடு கராஜ் கதவைத் திறந்தாள்.

"சர்ப்ரைஸ்!" என்றோம்.

அவள் வாளியிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கம்பளி பிய்ந்து கையோடு வந்தது.

"எப்ப முடியும்?" குரல் ரொம்ப அமைதியாக இருந்தது.

ஆர்லின் என்னைப் பார்த்தான். "அவசரப்படக் கூடாது, ஜோலீன்," என்றேன். "பிக்கப்புக்கே ஆறு வருஷம் ஆச்சு. இதுல உறுப்புகள் ஜாஸ்தி."

"கிறிஸ்துமஸுக்கு வாசிக்கிறேன்னு எல்லாரையும் இங்க வரச் சொல்லியிருக்கேன்."

"வரட்டுமே. உதிரி பாகமெல்லாம் சுத்திக் காட்டலாம்," என்றான் வெண்டெல்.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. புருஷனை மட்டும் பார்த்தாள்.

"நீயுமா, ஆர்லின்?"

"உனக்காகத்தான், ஜோ."

"நான் கேட்டேனா?"

"கேக்காமச் செய்யறதுதான்…" என்று தொடங்கியவன், மீதி மறந்துபோய் என் வாயைப் பார்த்தான்.

ஜோலீன் சுத்தியலை வாளியில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பையை எடுத்துப் பிக்கப்பின் இருக்கையில் வைத்து, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். என்ன நடக்கிறதென்று ஆர்லினுக்குப் புரிந்தபோது வண்டி தெருவில் இறங்கியிருந்தது. வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினான்.

"ஜோ! நில்லு! பனி உருகறதுக்கு ரோட்டுல உப்பு போட்டிருக்காங்க! இரும்பெல்லாம் அரிச்சுப் போயிரும்! ஜோ! உப்பு!"

ஒமாஹா சாலையில் பின்விளக்குகள் சின்னதாகி மறைந்தன. அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அது குழுவின் வரம்புக்குள் வராத விஷயம். ஆனால் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை. அந்தக் குளிரில் ஊரில் பாதி வண்டிகள் கிளம்ப மறுத்து இருமிக்கொண்டிருந்தன. எங்கள் பிக்கப் சாவியை ஒரே ஒரு திருப்புத் திருப்பியதும் கிளம்பியது. புகை இல்லை, நடுக்கம் இல்லை, கியர் சத்தமில்லாமல் விழுந்தது. கட்டிய மனைவி எவ்விதத் தடங்கலும் இல்லாமல் தன்னை விட்டுப் போக வேண்டும் என்பதற்காக ஆறு வருடம் வியர்வை சிந்திய கணவன் இந்த நாட்டில் இன்னொருவன் இருக்க முடியாது. நானும் வெண்டெலும் எங்களாலான உதவியைச் செய்தோம்.