வண்டிக்குக் குளிரவில்லையாம்

சிரஞ்சீவி மருமகன் கெண்டலுக்கு, நெப்ராஸ்கா மணற்குன்றுப் பண்ணையிலிருந்து உன் தாய்மாமன் லூமிர் ஹ்ருஸ்கா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அத்தை ஆர்லிஸ் சுகம், மாடுகளும் சுகம், ஒரு கன்றைத் தவிர. நீயும் சுகமாகவே இருப்பாய்; நீ ஓட்டுவது பழைய வண்டிதானே. உன் அம்மாவின் இடுப்பு வலி தேவலையா? இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படியெல்லாம் கேட்க அவளுக்குத் தெம்பு போதாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கும் கடையிலிருந்து ஒரு புதுப் பிக்கப் வண்டியை என் தலையில் கட்டினாயே, அதைத் திரும்ப எடுத்துக்கொள். என் பழைய வண்டியை வாங்கிப்போன பக்கத்துப் பண்ணை ஸ்வோபோடாவிடம் பேசி அதை எனக்கு மீட்டுக் கொடு. அதில் மூன்று குமிழ்கள் இருந்தன. ஒன்று சூட்டுக்கு, ஒன்று காற்றுக்கு, ஒன்று முகத்துக்கா காலுக்கா என்பதற்கு. கையுறையைக் கழற்றாமலே திருகலாம், திருகினால் சொன்னபடி கேட்கும். நீ என்ன சொன்னாய்? "மாமா, இனிமே நீங்க எதையும் தொடவே வேண்டாம். எழுபத்திரண்டு ஃபாரன்ஹீட்டுன்னு வெச்சு ஆட்டோ பட்டன அமுக்குங்க. மிச்சத்த வண்டியே யோசிச்சுக்கும்" என்றாய். யோசிக்கத்தான் செய்கிறது. அதுதான் என் புகாரே. இத்தனை வருடம் மாடு வளர்த்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் யோசிக்கிறது.

முதல் வாரமே அது தன் குணத்தைக் காட்டியது. காலையில் மாடுகளுக்கு வைக்கோல் போடப் போகும்போது எனக்கு அடியில் மெல்லச் சூடு பரவியது. என் வயதில் ஒருவனுக்கு வரக் கூடாத சந்தேகம் வந்தது. வண்டியை நிறுத்திப் பனியில் இறங்கி நின்று என்னை நானே தடவிப் பார்த்து, ஈரமில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. குளிர் என்று கண்டால் ஸீட்டைத் தானாகவே சூடு பண்ணுமாம். யார் கேட்டது? சரி, ஒழியட்டும் என்று விட்டேன். மறுநாள் எதிரே ஸ்வோபோடா என் பழைய வண்டியில் வந்தான். எப்போதும் போலக் கதவோடு கதவு ஒட்டி நிறுத்தி, கண்ணாடியை இறக்கினோம். வெளிக்காற்று உள்ளே வந்ததுதான் தாமதம், எழுபத்திரண்டு குறைந்துவிட்டதே என்று வண்டிக்கு ஆவேசம் வந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஊதியது. டாஷ்போர்டில் கிடந்த தீவனக்கடை ரசீதெல்லாம் ஜன்னல் வழியாக அவன் மடிக்குப் போய்விட்டன. அவன் வாய் அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "உள்ள என்ன, சோளமா காய வெக்கிற?" என்று கத்திவிட்டுக் கிளம்பிவிட்டான். நாலு வார்த்தை பேச நிறுத்தினவனை விரட்டுகிற வண்டியை வைத்துக்கொண்டு நம் ஊரில் எப்படிப் பிழைப்பது?

இதெல்லாம் என் மானத்தோடு போனவை. கன்று விஷயம் அப்படியல்ல. நாற்பத்தொன்றாம் நம்பர்ப் பசு உனக்கு நினைவிருக்கும். போன கோடையில் உன்னைத் துரத்தி வேலிமேல் ஏற்றியவள். கோபக்காரி, ஆனால் இந்தப் பண்ணையில் அவளைப் போல் தாய் கிடையாது. பனிப்புயல் ஓய்ந்த அன்று, நட்டநடு மேய்ச்சலில் கன்று போட்டிருந்தாள். நானும் ஆர்லிஸும் போய்ச் சேர்ந்தபோது அது விறைத்துக் கிடந்தது. வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தால் நாக்கே ஜில்லென்றிருந்தது. இதற்கு என் அப்பா காலத்திலிருந்து ஒரே வைத்தியம்தான்: கன்றைத் தூக்கி வண்டிக்குள் காலடியில் போடு, சூட்டை முழுக்கத் திருகி விடு, வேர்க்க வேர்க்க வீட்டுக்கு ஓட்டு. அப்படித்தான் போட்டேன், ஆர்லிஸின் காலடியில். வெளியே புயலுக்குப் பிந்தைய பளீர் வெயில். அது கண்ணாடி வழியே டாஷ்போர்டில் அடித்ததும், இந்த மேதாவி வண்டி வெப்பமாக இருக்கிறதென்று முடிவு கட்டி, குளிர்ந்த காற்றை விட ஆரம்பித்தது.

"ஆர்லிஸ், உன் பக்கத்துச் சூடு எத்தன வெச்சிருக்க?"

"அறுபது. எனக்குத்தான் எப்பவும் வேர்க்குமே."

"கன்னு உன் காலடியில கெடக்குது."

"அப்ப கன்னுக்கும் அறுபதுதான். உன் அக்கா மவன்தானே ஆளுக்கொரு குளிருன்னு சொல்லி வித்தான்? அவனப் போய்க் கேளு."

திரையைத் தொட்டேன். கையுறைக்கு அது மசியவில்லை. கையுறையைக் கழற்றித் தொட்டேன். கன்றின் வழவழப்பு விரலில் இருந்ததால் அதற்கு வேறு ஏதோ புரிந்து, போல்கா நடனப் பாட்டு வைத்தது. ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, அக்கார்டியன் வாசிக்கிறார்கள். ஒருவழியாக எண்பத்தைந்துக்கு ஏற்றினால் சூடெல்லாம் மேலே போய் என் முகத்தை வேக வைத்தது. கன்று கிடப்பது தரையில். வண்டியோ என் நெற்றிச் சூட்டைப் பார்த்துவிட்டு, போதும் என்று காற்றைக் குறைத்துக்கொண்டது. கன்றின் கண் மேலே செருகியது. பயந்துவிட்டேன், கெண்டல். அந்த நிமிஷம் நீ பக்கத்தில் இருந்திருந்தால் நம் சொந்தம் அத்தோடு அறுந்திருக்கும்.

ஆர்லிஸ்தான், "ஏ மனுஷா, என் ஸீட்டு அடுப்பாட்டம் கொதிக்குது. கத்துறத விட்டுட்டு இதுல தூக்கிப் போடு" என்று சொல்லிப் பின் ஸீட்டுக்குப் போய்விட்டாள். கன்றை அந்தத் தோல் ஸீட்டில் கிடத்தி, என் கோட்டைப் போர்த்தி, கிளம்பினேன். உடனே மணி அடிக்க ஆரம்பித்தது. ஆள் பெல்ட் போடவில்லையாம். அடித்தது, அடித்தது, வேகமாக அடித்தது. கடைசியில் கன்றுக்கு பெல்ட் மாட்டினேன், வாயை மூடியது. அந்த நேரம் பார்த்தா ஸ்வோபோடா எதிரே வரவேண்டும்? வழக்கப்படி வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினான். முன் ஸீட்டில் பெல்ட்டோடு கன்று, பின்னால் ஆர்லிஸ். தூக்கிய விரல் அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் ஆர்லிஸிடம் வீட்டில் ஏதும் மனக்கசப்பா என்று விசாரித்தார்கள்.

கன்று பிழைத்துக்கொண்டது. அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. சாயங்காலம் அதை நாற்பத்தொன்றிடம் கொண்டுபோய் விட்டேன். பழைய வண்டியில் சூடேறிய கன்று வைக்கோலும் டீசலும் நாயும் சாணியும் மணக்கும். எல்லாம் அவளுக்குத் தெரிந்த வாசனைதான். இது உன் புதுத் தோல் ஸீட்டின் வாசனையோடு போய் நின்றது. ஒரு தரம் முகர்ந்தாள். உதைத்தாள். மறுபடி கிட்டே போனது, மறுபடி உதைத்தாள். அவளையே துடைத்த வைக்கோலைக் கன்றின்மேல் தேய்த்துப் பார்த்தேன், அவளைக் கட்டிவைத்து ஊட்டவிட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. தாய் உயிரோடு வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிறாள், பிள்ளை இந்தப் பக்கம் நின்று கத்துகிறது. காலையும் மாலையும் நான்தான் புட்டியில் பால்பொடி கரைத்துக் கொடுக்கிறேன். அந்தக் கத்தல் கேட்கும்போதெல்லாம் உன் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதனால் இந்த வாரமே ஆளை அனுப்பி வண்டியை எடுத்துக்கொள். இதில் பேச்சுக்கு இடமில்லை.

கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. நல்ல புத்தியையும் சேர்த்தே கொடுப்பாராக. அத்தை உனக்குப் கசகசா வைத்த கொலாச்சே ரொட்டி சுட்டு வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் தணியாததால் இப்போது அனுப்பவில்லை.

அன்புள்ள மாமா,
லூமிர்

பின்குறிப்பு: எழுதி முடித்த அன்றே கடிதத்தைப் போடத் தபால் பெட்டிவரை வண்டியில் கிளம்பினேன். கன்று வேலியில் நுழைந்து வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாளாக இப்படித்தான், கடிதமும் போடாமலே கிடக்கிறது. எஞ்சின் ஓடினால்தான் பால் குடிக்கிறது. முன் ஸீட்டில் தலையை வைத்துக்கொண்டுதான் குடிக்கிறது. ராத்திரி முன் சக்கரத்தில் சாய்ந்து தூங்குகிறது. சோதித்துப் பார்ப்போமென்று நேற்று ஸ்வோபோடாவை என் பழைய வண்டியோடு வரச்சொன்னேன். கன்று அதை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு இதனிடமே திரும்பிவிட்டது. ஆகவே ஆளை அனுப்பாதே. ஒரு தாய் அதை உதைத்துத் தள்ளிவிட்டாள்; இன்னொரு தாயை நீ ஓட்டிக்கொண்டு போக நான் விடமாட்டேன். அடுத்த மாதம் ஆயில் மாற்ற உன் கடைக்கு வருகிறேன். கன்று முன்னால், உன் அத்தை பின்னால். வண்டியை மேலே தூக்கும்போது கன்று கீழே நின்று கத்தும். முடிகிறவரை பக்கத்தில் நின்று அதைத் தடவிக்கொடுப்பது உன் வேலை.