யானைக்குத் தண்ணீர் கொடுத்த தவளை

ஒரு காட்டில் மாடத்தி என்றொரு தவளை இருந்தாள். சும்மா இல்லை, நாற்பத்து மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். எல்லாம் தலைப்பிரட்டைகள், ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை. புருஷனைப் போன மாதம் ஒரு சாரைப்பாம்பு விழுங்கிவிட்டது. ஒரு கல்தொட்டியும் அதற்கு மேலே ஒரு குழாயும்தான் அவள் சொத்து.

முன்னெல்லாம் அந்தக் காட்டில் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிங்கராஜா வெளியூர்க் காடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஓடையைக் குழாய்க்குள் அடைத்தார். குழாய்க்கு மீட்டர் மாட்டினார். மீட்டருக்கு ஓர் ஆபீஸ் கட்டினார். மாடத்திக்கு மூன்று மாத பாக்கி தொண்ணூற்றாறு ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று தொட்டியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தொட்டி காய்ந்தால் பிள்ளைகள் கருவாடுதான்.

ஏழை வீடுகளின் தண்ணீர் பில்லை அரசே கட்டும் திட்டம் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு ஆபீசுக்குக் குதித்துப் போனாள். குமாஸ்தா ஓர் ஓணான். அவள் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார். காரியம் முடிந்தது என்று கிளம்பியவளுக்கு, ஓணானுக்கு அது பிறவிப் பழக்கம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பி வந்தாள்.

"விண்ணப்பத்துல புருஷன் கையெழுத்து இல்லையேம்மா," என்றார் ஓணான், தலையை ஆட்டிக்கொண்டே.

"அவரைத்தான் பாம்பு முழுங்கிட்டுதே, ஐயா."

"அப்போ முழுங்கினவர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா."

மாடத்தி புற்றுக்குப் பத்தடி தள்ளி நின்றபடி கத்திக் கேட்டாள். தங்கமான பாம்பு அது. 'மேற்படியாரை நான் விழுங்கியது உண்மை' என்று எழுதி, 'ருசியாகவும் இருந்தார்' என்று கேட்காததையும் சேர்த்து, வால்ரேகை வைத்துக் கொடுத்தது.

ஓணான் அதை வாங்கி முத்திரை குத்தினார். "வியாழக்கிழமை ஆய்வாளர் வீட்டைப் பாக்க வருவார். அவர் ஏழைன்னு எழுதினா நீ ஏழை."

பக்கத்து வளை நண்டு செல்லாச்சி விவரம் தெரிந்தவள். அவளுக்கும் நாற்பது ரூபாய் பாக்கி. அவளும் மனுப் போட்டிருந்தாள். "ஆபீசர் வந்தா தண்ணியக் கண்ணுல காட்டிராத, மாடத்தி. தண்ணி இருந்தா ஏழை இல்லன்னு எழுதிருவாக," என்றாள். மாடத்தி பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள்.

வியாழன் மத்தியானம், அக்கினி வெயிலில், ஆய்வாளர் அங்கமுத்து வந்து நின்றார். யானை. செல்லாச்சி வளையில் தண்ணீர் என்ற பேச்சே எழவில்லை. அடுத்து மாடத்தி வீடு. சத்தியமெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வாசலில் கால் வைத்தவருக்கு முதலில் தண்ணீர் என்று ஏழு தலைமுறையாக வளர்ந்த நாக்கு அவளைக் கேட்டா பேசும்?

"தண்ணி குடிக்கியளா, ஐயா?"

"ஒரு மடக்கு போதும்மா," என்றது யானை.

மாடத்தி பிள்ளைகளைச் சிரட்டையில் அள்ளி ஒதுக்கினாள். யானை துதிக்கையைக் குழாயில் வைத்து உறிஞ்சியது. மீட்டர் முள் குடைராட்டினமாகச் சுற்றியது. குடித்து முடித்து, வாய் கொப்பளித்து, வந்ததோடு வந்தது என்று குளித்து, காதுக்குப் பின்னாலும் தேய்த்துக்கொண்டது. பிறகு ஈரம் சொட்டச் சொட்ட எழுதியது: 'தண்ணீர் தாராளம். ஏழை அல்ல. நிராகரிக்கப்படுகிறது.'

அன்று மாடத்தி தன் நாக்கைத் திட்டாத திட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை ஓணான் ஸ்பேனரோடு வந்தார். முதலில் செல்லாச்சி வீடு. 'தண்ணீர் உபயோகமே இல்லை. இணைப்பு வீண்' என்று எழுதியிருந்தது யானை. குழாயைக் கழற்றிவிட்டார். அடுத்து மாடத்தியிடம் வந்தார். கழற்றுமுன் மீட்டரைக் குறிக்க வேண்டும் என்பது விதி. குனிந்து பார்த்தார். பிறந்த நாள் முதல் ஆடிக்கொண்டிருந்த தலை நின்றுவிட்டது.

பாக்கி ஒரு லட்சத்து மூவாயிரம். அந்த ஆபீசில் லட்சத்துக்குக் கீழே பாக்கி வைத்தவர் கடன்காரர்; மேலே வைத்தவர் மதிப்புக்குரிய வாடிக்கையாளர். ஓணான் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"அம்மா, உள்ள வரலாமுங்களா?"

சாயங்காலமே சிங்கராஜாவின் ஆலோசனைக் கூட்டம். மாடத்திக்கு நாற்காலி, மோர், முந்திரி. "அம்மா குழாயை அடைச்சா லட்சமும் போச்சு. ஆபீசே நஷ்டத்துல விழுந்துரும்," என்று ராஜா கண் கலங்கினார். ஏழைகளின் பில்லுக்கென்று அந்த வருஷம் ஒதுக்கிய உதவிப் பணம் முழுவதையும் அவள் கணக்கில் வரவு வைக்கச் சொன்னார். போதாத மூவாயிரத்துக்கு இருபது வருஷத் தவணை.

"வேற ஏதாச்சும் வேணுமாம்மா?"

"புள்ளைகளுக்குக் கால் முளைக்கிற வரைக்கும் தண்ணி வந்தாப் போதும், ராஜா."

அந்த அடக்கத்தை மெச்சி இன்னும் பெரிய குழாயாகப் போட்டுக் கொடுத்தார்கள். மாடத்தி சந்தோஷத்தில் அழுதாள். செல்லாச்சிக்கும் தொட்டியில் ஓரமாக இடம் கொடுத்தாள். ஒன்றரை மாதத்தில் நாற்பத்து மூன்றுக்கும் கால் முளைத்து, காடே அதிரக் குதித்தன.

இப்போது அந்தக் காட்டில் மனுப் போட்டவர்கள் எல்லோரும் வாசலில் செம்போடு நிற்கிறார்கள். அங்கமுத்துதான் ஜலதோஷம் என்று லீவில் இருக்கிறார். அவருக்குப் பதிலாக ஓர் எறும்பு ஆய்வுக்கு வந்துகொண்டிருக்கிறது.

நீதி: வீடு தேடி வந்தவருக்கு மனம் குளிரத் தண்ணீர் கொடுங்கள். ஆனால் வந்தவர் யானையா என்று பார்த்துக் கொடுங்கள். எறும்புக்குக் கொடுத்தால் புண்ணியம் மட்டும்தான் கிடைக்கும்.