கருத்தாளர் பர்ஸான் மீன் வெட்டியது

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், நாட்டைத் திருத்துவதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டுப் பெண்களைக் கவர்வது என்று பர்ஸான் முடிவெடுத்தார். கவர்வதென்றால் வேறொன்றுமில்லை. தன்னுடைய சேனலைப் பார்க்க வைப்பது.

கல்முனையில் அவருக்கு டைல்ஸ் கடை. ஆனால் என்ன தொழில் என்று யாரும் கேட்டால் 'கருத்தாளர்' என்பார். யூடியூப்பில் 'பர்ஸானின் பார்வை' நடத்தினார். நெல் விலையிலிருந்து நிலாவுக்கு ராக்கெட் விடுவது வரை அவர் கருத்துச் சொல்லாத விடயமில்லை. கோட்டுப் போட்டு, கன்னத்தில் கைவைத்து, உலகத்தை நினைத்துக் கவலைப்படுகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கடைப் பலகையிலும் பெரிதாய் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்துப் பல் டொக்டர் என்று நினைத்து வீங்கிய கன்னத்தோடு வந்தவர்களும் உண்டு. இவ்வளவு இருந்தும் 'பார்வை'யைப் பார்க்கிறவர்கள் முப்பத்தேழு பேர். அதில் ஆறு பேர் அவரே, வேறு வேறு பெயரில்.

மறுநாள் மனைவி ஜெனூபா அட்டாளைச்சேனையில் தாய் வீட்டுக்குப் போனதும், குசினிக்குள் புகுந்து, வீடியோ எடுக்கப் போனை நிமிர்த்தி வைத்தார். ஒரு கையில் பாரை மீன், மறு கையில் கத்தி.

"பொண்டாட்டிக்கு மீன் வெட்டிக் குடுக்காதவன் ஆம்புளயில்ல. நான் இருவத்திரண்டு வருசமா வெட்டுறன்."

இருபத்திரண்டு வருசத்தில் அவர் வெட்டியது நகம் மட்டும்தான். ஆனால் பொழுதுபடுவதற்குள் பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கட்டாரிலிருந்து ஒரு பெண், தன் கணவனை இவரிடம் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாள். எங்கோ ஒரு மாதர் சங்கம் 'இல்லறச் செம்மல்' பட்டம் கொடுத்தது. பர்ஸான் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார்.

ஜெனூபா திரும்பி வந்தாள். பெரிய சண்டை ஒன்றை எதிர்பார்த்து மூன்று பொய்களைத் தயாராய் வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வீடியோ நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் பின்னேரம் கடையிலிருந்து வந்தவர் பின்வளவில் கதிரைகள் போட்டிருப்பதைக் கண்டார். பக்கத்து வீட்டு முனவ்வறாவும் இன்னும் ஐந்து பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பலகை, கத்தி, ஒலுவிலிலிருந்து வந்த மீன் ஒரு சட்டி.

"கண்ணால பாக்கணுமெண்டு வந்திரிக்காங்க," என்றாள் ஜெனூபா. போனைத் தூக்கிப் பிடித்தாள். "லைவ் போகுது. தொடங்குங்க."

பர்ஸான் தொடங்கினார். செதில் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியது. ஒரு மீன் கையிலிருந்து வழுக்கி முனவ்வறாவின் மடியில் போய் விழுந்தது. அவர் தடுமாறுவதையெல்லாம் சனம் பகிடி என்று நினைத்து ரசித்தது. அன்றைக்கு இருபதாயிரம் பேர்.

அதோடு தினமும் ஐந்து மணிக்கு மீன். ஜெனூபா கதிரையில் காலை நீட்டிக்கொண்டு போனைப் பிடிப்பாள். முள்ளு, குடல், கழுவல் எல்லாம் 'செம்மல்' பாடு. கடைக்குப் போனால் பின்னால் ஒரு பூனை போனது; ஒரு கிழமையில் அது நாலானது. டைல்ஸ் பார்க்க வந்தவர்கள் மூக்கைத் தூக்கி, பக்கத்தில் மீன் சந்தையா என்று கேட்டார்கள்.

மூன்றாம் கிழமை விரலில் தீப்பந்தம் மாதிரித் துணி சுற்றிக்கொண்டு வந்தார். ஜெனூபா அந்த விரலைக் கெமராவுக்கு நேரே உயர்த்திக் காட்டினாள்.

"வேணாமெண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டன். இடது கையால வெட்டுறாராம்."

நாற்பதாயிரம் பேர் அவருடைய விரலுக்குத் துஆச் செய்தார்கள். அவர் இடது கையால் வெட்டினார்.

அன்றிரவு சாப்பிடும்போது ஒன்று அவர் மனதில் தைத்தது. இந்த நாற்றத்தோடும் முள்ளோடும் ஒருத்தி இருபத்திரண்டு வருசம் இருந்திருக்கிறாள். ஒருநாளும் அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. மீன் ஆணத்தில் பிசைந்த சோற்றை அப்படியே தள்ளிவைத்தார். பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தார். மனச்சாட்சிக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

காலையில் கடையைத் திறந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக லைவில் வந்தார். கோட்டுப் போடவில்லை.

"நான் சொன்னதெல்லாம் பொய். இந்த வீடியோக்கெல்லாம் முன்ன ஒருநாளும் நான் மீன் வெட்டினதில்ல. எல்லாம் செஞ்சது எண்ட மனுசிதான். என்னய மன்னிச்சிடுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கலப்படமில்லாத உண்மையொன்றைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். பட்டம் போகட்டும், நாற்பதாயிரம் பேரும் போகட்டும். இனிப் பின்னேரம் போய்க் கால் நீட்டிப் படுக்கலாம். பிறகு கருத்துகளைப் பார்த்தார்.

'என்ன பணிவு.' 'பெருமையெல்லாம் மனைவிக்கே குடுக்கிற மனுசன்.' 'கண் கலங்கிட்டு.' ஒருவரும் நம்பவில்லை. பட்டம் கொடுத்த மாதர் சங்கம் இன்னொரு பட்டத்துக்கு நாள் கேட்டிருந்தது. பர்ஸான் பதறிப்போய் இன்னும் கீழே தேடினார். உண்மை தெரிந்த ஒரு ஆளாவது இருக்கத்தானே வேணும்.

இருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்பதாயிரம் விருப்பத்தோடு, ஜெனூபா எழுதியிருந்தாள்:

'நான் இவர்ட மனைவி. இவர் எப்பவும் இப்பிடித்தான், செய்யிற நன்மைய மறைச்சிப்போடுவார். இஞ்சப்பாருங்க, வரக்குள்ள ரெண்டு கிலோ சூடை மீன் வாங்கிட்டு வாங்க. சின்னதாப் பாத்து.'