நாலு கிலோ நம்பிக்கை

"உங்க பால் பிள்ளைக்குப் போதும்னு எவ்வளவு நம்புறீங்க? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

நர்ஸ் சௌசன் கேட்டது நஜ்லாவை. பதில் வந்ததோ ஹஜ் போய் வந்த மாமியார் ஹாஜா தௌலத்திடமிருந்து.

"ஒண்ணு போடு மகளே. அதுவே அதிகம்."

தாய்ப்பால் கொடுப்பதில் தாய்மார்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளப்பதற்காக, எகிப்தின் தாந்தா நகரத்தின் மாடிப்படிகளை எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள் சௌசன். வருவதாகக் காலையிலேயே போன் செய்துவிடுவாள். மரியாதை தெரிந்தவள்.

நஜ்லாவின் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் சௌசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு கிலோ எடையில் பிறந்த ஆண் பிள்ளை என்றல்லவா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்? மாதம் ஒன்றாகியும் இது கோழிக்குஞ்சு மாதிரி அல்லவா இருக்கிறது!

"பையன் காதுல என்ன, தோடு?"

"கண்ணு படாம இருக்கத்தான்" என்றாள் மாமியார்.

அதில் சௌசனுக்குச் சந்தேகம் வரவில்லை. அவள் அண்ணனுக்கே பள்ளிக்கூடம் போகும்வரை பின்னல் போட்டு வைத்திருந்தார்கள். மருமகளின் நம்பிக்கையைக் கெடுப்பது மாமியார்தான் என்று முடிவு கட்டினாள்.

"ஹாஜா, இவங்களுக்குக் கொஞ்சம் வெந்தயம் காய்ச்சிக் கொண்டு வாங்களேன். பால் ஊறும்."

மாமியார் சமையலறைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப பயப்படாம சொல்லுங்க."

நஜ்லா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணுக்குக் கீழே எதுவும் கிடையாதா டாக்டரம்மா?"

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டது. அடுத்த நொடியே நஜ்லாவின் அங்கி மார்பில் நனைந்தது.

"பாருங்க, பால் சொட்டுது! இல்லைன்னு யார் சொன்னா?"

"அது வியர்வை டாக்டரம்மா."

"நல்ல வியர்வைதான். பிள்ளைக்குக் குடுங்க."

"இப்பத்தான் குடிச்சான்."

பிள்ளை தன் முஷ்டியையே விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கூச்சமா இருந்தா நான் திரும்பி உக்காந்துக்கறேன்."

"தூங்கி எழுந்ததும் குடுக்கறேனே."

"கண்ணை உருட்டிக்கிட்டு என்னைப் பாக்குது, தூங்குதாம்!"

கண்ணெதிரே ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது. பெற்றவளோ பால் வழிய வழியக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். இனிமேல் கேள்வியாவது, மதிப்பெண்ணாவது! சௌசன் போனை எடுத்தாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

ஹாஜா தௌலத் வெந்தயக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். பாதி தரையில் கொட்டியது.

"வேண்டாம் மகளே! ஆம்புலன்ஸ் வந்தா தெருவே திரண்டு நிக்கும்!"

"அப்ப மருமகளைப் பால் குடுக்கச் சொல்லுங்க."

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒற்றுமையாக இருந்தது அன்றைக்குத்தான்.

"ஒரு புட்டிப்பால் வேணா..." என்று இழுத்தாள் மாமியார்.

புட்டிப்பால்! அதுவும் சௌசனிடம்! அவள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். போனைப் பையில் போட்டுவிட்டுப் பிள்ளையை இரு கைகளாலும் தூக்கினாள். நஜ்லா பின்னால் நகர்ந்தாள், சோபா முடிந்துவிட்டது.

"பிஸ்மில்லா சொல்லுங்க. நம்பிக்கை தானா வரும். இதோ, தலையை இப்படிப் பிடிக்கணும்..."

நஜ்லா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளை ஆவலோடு வாயைத் திறந்தது.

கதவு படாரென்று திறந்தது. பக்கத்து வீட்டு பஹீஜா மூச்சிரைக்க நின்றாள். அழுது அழுது சிவந்துபோன, தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாகக் கொழுத்த ஒரு பிள்ளை அவள் இடுப்பில் துள்ளிக்கொண்டிருந்தது.

"அடியே நிறுத்துடி! கண்ணு பட்டுடும்னு உன் குண்டனை என் வீட்டுல ஒளிச்சு வெச்சுட்டு, இரவல் வாங்கின என் பொண்ணுக்கா பால் குடுக்கறே? ஒரு வாய் குடிச்சாலும் நம்ம மார்க்கப்படி ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆயிடுமே, அப்புறம் நாம பேசி வெச்ச கல்யாணம் எப்படிடி நடக்கும்?"