கடுகு சாரும் லேப்டாப்பின் நெற்றியும்

திருவண்ணாமலையில் கடுகு சாரிடம் திட்டு வாங்காதவர் என்று ஒருவர் இருந்தால், அவர் அன்று காலைதான் கிரிவலத்துக்கு வந்து இறங்கிய வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். உண்மையான பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் வெடிப்பார் என்ற பயம்தான்.

அந்த ஆளை என் வீட்டுக்குள் நானேதான் கூட்டி வந்தேன். விதி, வேறென்ன!

என் அண்ணன் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். விசில் ஊதவே மாட்டார். ஓர் அதட்டல் போட்டால் டிரைவர் தானாக பிரேக்கை மிதிப்பார். பக்கவாதம் வந்து அந்தக் குரலை அடியோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கை கால் விளங்கவில்லை, கண் மட்டும்தான் அசைந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "இப்ப எவ்ளோ சாந்தமா இருக்காரு பாருங்க" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேச முடியாதவன் சாந்தமாக இல்லாமல் வேறு எப்படி ஐயா இருப்பான்?

கண் போகும் இடத்தைக் கேமரா வழியாகக் கண்டுபிடித்து லேப்டாப் திரையில் எழுத்தைப் போடும் புரோகிராம் ஒன்றைத் தெரிந்தவர் ஒருவர் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் ஒன்பது புள்ளிகள் வரும். தலை அசையாமல் எல்லாவற்றையும் பார்த்தால்தான் அது அண்ணன் கண்ணுக்குப் பழகும். நாலாவது புள்ளியிலேயே அண்ணன் தலை சரிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

கடுகு சார் வந்தார், பார்த்தார், வெடித்தார்.

"ஒன்பது புள்ளி வச்சு இன்னா கோலமா போடப் போறோம்? படுத்துக் கெடக்கறவருக்குத் தோதா மிஷின் மாறணுமா, மிஷினுக்குத் தோதா இவரு மாறணுமா?"

லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிப் போய், புரோகிராமைப் பிரித்து மேய்ந்து திரும்பக் கொண்டுவந்தார். இப்போது ஒரே ஒரு புள்ளி. மிச்சத்தை அண்ணன் எழுத எழுத அதுவே கற்றுக்கொள்ளுமாம். தலை கொஞ்சம் சரிந்தாலும் சமாளிக்குமாம். நியாயமாக நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குள் அந்த மனுஷன் அண்ணனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"கண்டக்டரே, எங்க பாக்கறீங்க? டிக்கெட் கேட்டா ஜன்னலைப் பாக்கற பாசஞ்சர் மாதிரி இருக்கீங்களே!"

அன்று நாலைந்து எழுத்துகள்தான் தாறுமாறாக விழுந்தன. ஆயுத பூஜை முடிந்து வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுபடி வந்த அன்று ஒன்றுமே நடக்கவில்லை. கேமரா விளக்கு எரிந்தது. திரையில் புள்ளி வந்தது. அம்புக்குறி மட்டும் செத்துக் கிடந்தது. புரோகிராமைத் திட்டினார், லேப்டாப்பைத் திட்டினார், கடைசியில் அண்ணனிடம் வந்தார்.

"புள்ளியப் பாருங்க கண்டக்டரே! மேல எதுக்குப் பாக்கறீங்க? மேல இன்னா இருக்குது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "யோவ், ஒடம்பு முடியாதவருகிட்ட கத்தறியே, நீயெல்லாம் மனுஷனா? மொதல்ல வெளிய போய்யா!"

"நீ கம்மியா பேசு!" என்று என் மேல் பாய்ந்தவர், சட்டென்று நிறுத்தினார். அண்ணனின் கண்ணைப் பார்த்தார். அது போகும் திசையைப் பார்த்தார். லேப்டாப்பின் மேல் விளிம்பில், கேமரா இருக்க வேண்டிய இடத்தில், சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

அண்ணி சொன்னார்: "மிக்சி, தையல் மிஷின் எல்லாத்துக்கும் வச்சேன். இதுக்கு நெத்தி எங்கன்னு தெரியல. மேல நடுவுல வட்டமா இருந்துச்சு, அங்கயே வச்சுட்டேங்க."

கண் எங்கே பார்க்கிறது என்று மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்த மேதாவி, எதிரே ஒரு மனுஷன் காலையிலிருந்து கண்ணால் கதறியதைப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

கடுகு சார் சட்டை நுனியால் கேமராவைத் துடைத்தார். ஒரு புள்ளி வந்தது. அண்ணன் பார்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"கத்தாதடா முட்டாள்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடுகு சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். குரலை இறக்கி, "கரெக்டாத்தாங்க சொல்றாரு" என்றார்.

இப்போதெல்லாம் அண்ணனை யாரும் சாந்தம் என்று சொல்வதில்லை. காப்பியில் சர்க்கரை ஜாஸ்தி என்பதிலிருந்து என் சட்டையின் நிறம் வரை வசைதான். புரோகிராமைச் சரி பார்க்கிறேன் என்ற சாக்கில் கடுகு சார் வாராவாரம் வந்துவிடுகிறார். ஒருவர் வாயாலும் மற்றவர் கண்ணாலும் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தலைவலி.

போன வாரம் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. சாயங்காலம் அண்ணன் திரையைப் பார்த்தார்.

"அந்தாளு வரலையா? வீடு சப்புனு இருக்கு."

எனக்கும் காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தது.