சரஸ்வதி பூசையில் என் துவக்கு

துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவன், வந்த நாட்டில் சட்டப்படி ஒரு துவக்கு வாங்கினால் அவனை என்னவென்று சொல்வது? நான் இளைப்பாறிய கணித ஆசிரியன். விடை எனக்குத் தெரியும்: மடையன்.

படையினர் வைத்திருக்கும் துப்பாக்கியைப் போலவே இருக்கும். ஆனால் ஒரு தடவை அழுத்தினால் ஒரே ஒரு வெடிதான். பொதுமக்களுக்கான வகை. (இப்போது அதையும் தடை செய்துவிட்டார்கள். அப்போது அனுமதி இருந்தது.) பிக்கரிங் நகரில் துவக்கு லைசன்ஸுக்கான இரண்டு நாள் வகுப்புக்குப் போய், சோதனையில் முதலாவதாக வந்தேன். சந்தோஷத்தில் அன்று முழுக்க என் கால் நிலத்தில் படவில்லை.

விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தும் கேட்டிருந்தார்கள். "உது என்ன படிவம்?" என்றாள் பவானி. "பழைய சாமான் சேர்க்கிற சங்கம்" என்றேன். நாற்பது வருட நம்பிக்கையில் அவள் வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள். இதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மல்வேர்னில் எங்கள் வீட்டின் நிலவறையில் துவக்கைப் பூட்டி வைத்து, தினமும் இறங்கிப் போய்ப் பார்த்து வந்தேன். சரஸ்வதி பூசை வந்தது. சாமித்தட்டில் பேரப்பிள்ளைகளின் புத்தகங்கள், பவானியின் தையல் மெசின். என் மூளையில் மின்னல்! ஆயுத பூசைக்கு உண்மையான ஆயுதம் எத்தனை வீட்டில் இருக்கிறது? சுடுவதற்கு உள்ளே ரவை இல்லை, விசையில் பூட்டு. அதை மேலே கொண்டுவந்து சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, புத்தகங்களுக்குப் பின்னால் நிறுத்திச் சால்வையால் மூடினேன்.

பூசைக்குப் பக்கத்து வீட்டு அன்ரியும், பவானியின் தம்பி நேசனும் அவர் மனைவியும் வந்தார்கள். நேசன், வன்னியில் போரின் கடைசி நாள் வரை இருந்து தப்பிய மனிதர். பவானிக்கு மிஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு.

கற்பூரம் ஏற்றியாயிற்று. அம்பாள் பார்க்கட்டுமே என்று சால்வையை ஒரு சாண் விலக்கினேன். அது முழுதாகவே வழுக்கி விழுந்தது.

நேசன் கையிலிருந்த அவித்த கடலைத் தட்டோடு தரையில் குப்புற விழுந்தார். அவர் விழுந்ததைப் பார்த்து அவர் மனைவி விழுந்தார். என்ன ஏதென்று தெரியாமல் பக்கத்து வீட்டு அன்ரியும் விழுந்தார். கடலை சோபாவுக்குக் கீழே உருண்டது. நான் மட்டும் மணியை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

"சட்டப்படிதான், தம்பி! லைசன்ஸ் இருக்கு!"

"லைசன்ஸோ?" பவானி திரும்பினாள். "நான் வைச்ச கையெழுத்து உதுக்கோ?"

"ஓம்."

நேசன் எழும்பி, வேட்டியைத் தட்டிக்கொண்டு சப்பாத்தைத் தேடினார். கயிறு கட்டாமலே கால்களை நுழைத்துக்கொண்டார். "அக்கா, நான் போட்டு வாறன்."

"அவன் இனி இந்த வாசல் மிதிக்காட்டி நானும் அவன் வீட்டிலைதான்" என்றாள் பவானி. அவள் சும்மா சொல்கிறவள் அல்ல.

மறுநாள் காலை துவக்கு வாங்கிய கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன், அதைத் திருப்பிக் கொடுக்க. கடைக்காரர் குங்குமத்தைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். "இது இரத்தமா?" "இல்லை, பக்தி" என்றேன். சந்தனம் இடுக்கெல்லாம் காய்ந்து போயிருந்தது. அவர் பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றைத் தந்து என்னையே துடைக்கச் சொன்னார்.

அங்கிருந்து நேரே நேசன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வெள்ளி அவர் வந்தார். வாசலில் நின்று கேட்டார்: "அத்தான், நடந்து வரட்டோ, ஊர்ந்து வரட்டோ?"

இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் அதையே கேட்கிறார். வீடே சிரிக்கிறது; பேரப்பிள்ளைகள் ஊர்ந்தே உள்ளே வருகிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் உட்காருமுன் அவர் சாமித்தட்டை ஒருமுறை எட்டிப் பார்ப்பதைக் காணும்போது, என் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.